விடியும் முன் பசியாறல்: தோட்டப்புற வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பாலர் பள்ளி நடத்துகிறேன். காலை எட்டு மணிக்கு வந்து உட்காரும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, "பசியாறிட்டியா?" என்பதைத்தான். பசியாறல் என்றால் எங்கள் பக்கத்தில் காலைச் சாப்பாடு. "மைலோ குடிச்சேன் டீச்சர்" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். ஒன்பதரைக்குள் அந்தப் பிள்ளைக்குக் கண் சொருகும், இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும்.

தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ், ஆறு மணிக்குப் பெரட்டு (தோட்ட வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் வரிசை), ஏழரைக்குப் பள்ளி மணி என்று ஓடும் வீட்டில் அடுப்பு பற்றுவதே பெரிய காரியம். சில ஆண்டுகளாக எங்கள் தாமானிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் தாய்மாரோடு உட்கார்ந்து இதை ஒழுங்குபடுத்தி வருகிறேன். பாதியில் விட்டவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் விட்டார்கள். திங்கட்கிழமை ஓட்ஸும் கோதுமை ரொட்டியும் வாங்கி வைப்பார்கள். வியாழக்கிழமை மறுபடி பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததுதான் காரணம்.

என் அனுபவத்தில் நிலைத்து நிற்கும் வரிசை இது: முதலில் இரவுச் சாப்பாடு, பிறகு குவளையில் இருக்கும் பானம், பிறகு புரதம், பிறகு காய்கனி, எல்லாவற்றுக்கும் பிறகுதான் அரிசியும் மாவும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் கொடுங்கள்.

1. தொடங்கும் முன்: வீட்டின் கடிகாரத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மூன்று நேரங்களை எழுதுங்கள்: எழும் நேரம், வாசலைத் தாண்டும் நேரம், அடுத்து வாயில் சாப்பாடு படும் நேரம். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பெரட்டுக்கு ஆறு மணிக்கு நிற்பவருக்குப் பத்து மணிக்குத்தான் ஓய்வு என்றால், அவர் காலையில் சாப்பிடுவது நான்கு மணி நேர உடலுழைப்பைத் தாங்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு ஓய்வு மணி வரை மூன்று மணி நேரம் போல. வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் அவருக்கு மருந்து நேரம் உண்டு. அதையும் எழுதுங்கள்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு இன்னும் இறுக்கம். விடியற்காலைக் குளிரில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். அவர்களைக் கொஞ்சம் பிந்திப் போகச் சொல்ல முடியாது. சாப்பாடுதான் அவர்கள் நேரத்துக்கு வளைய வேண்டும்.

இங்கே நடக்கும் தவறு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பசியாறல் செய்யப் பார்ப்பது. முதலில் கிளம்புகிறவருக்குக் கையில் எடுத்துச் சாப்பிடக்கூடியது, பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சாப்பிடுவது என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றாக இருக்கலாம். அதே அவித்த முட்டை ஒருவருக்கு டப்பாவில் போகும், இன்னொருவருக்குத் தோசையோடு தட்டில் விழும்.

2. கைவசம் இருக்க வேண்டியவை

மூடி இறுக்கமாக இருக்கும் டப்பா நான்கு, மாவு பொங்க இடம் விடும் பெரிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, ஐஸ்பெட்டியில் காலைக்கென்று ஒதுக்கிய ஒரு தட்டு. அந்தத் தட்டில் வேறு எதையும் வைக்கக் கூடாது. இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு தேடுகிறவருக்குக் கை போகும் இடத்தில் பொருள் இருந்தால்தான் வேலை நடக்கும். பிறகு ஒரு தேக்கரண்டி. ஏன் என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

பொருள்கள்: முட்டை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, உளுந்து, நெத்திலி, தெம்பே (புளிக்கவைத்த சோயா அவரைக் கட்டி), அவசரத்துக்கு இரண்டு டின் சாடின் மீன், வாரத்தில் மலிவாகக் கிடைக்கும் பழம் இரண்டு வகை. அவ்வளவுதான். சத்து பவுடர் டின் வாங்க வேண்டியதில்லை. அதன் விலைக்கு ஒரு வீட்டுக்குப் பல நாளைக்கு முட்டை வரும்.

3. முதல் வாரம்: இரவுச் சாப்பாட்டை முன்னுக்கு இழுங்கள்

"காலையிலே பசிக்கவே மாட்டேங்குது" என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் கேட்பது, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதுதான். பத்து மணிக்கு நாடகம் முடிந்து, சோறும் கறியும் நிறையச் சாப்பிட்டுப் படுத்த வயிற்றுக்கு ஐந்து மணிக்கு எப்படிப் பசிக்கும்? அதோடு, காலை ஏழு மணி வரைக்கும் வெளுக்காத நாடு இது. உடம்புக்கு அது இன்னும் இரவுதான்.

பத்து மணிச் சாப்பாட்டை ஒரே நாளில் ஏழரைக்குக் கொண்டுவராதீர்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னுக்கு இழுங்கள். முதல் வாரத்தில் அரை மணி நேரம் கூடினாலே போதும், மற்ற படிகள் நடக்கும்போது இதுவும் பக்கத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். எட்டு மணிக்குள் தட்டு கழுவியாகிவிட வேண்டும் என்பது இலக்கு. இரவு வேலை முடிந்து பிந்தி வருகிறவருக்கு மட்டும் பாதி அளவு எடுத்து மூடி வையுங்கள்.

சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலிலோ தாமான் சாலையிலோ நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறும் வேகம் தணியும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் தூக்கமும் சீக்கிரம் வரும்.

தூக்கக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ஐந்தே முக்காலுக்கு எழ வேண்டிய பிள்ளை எட்டே முக்காலுக்குள் கண் மூட வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம். தூக்கம் கெட்ட பிள்ளைக்குக் காலையில் எதை வைத்தாலும் வாயில் இறங்காது. இதைச் சரிசெய்யாமல் பசியாறலைச் சரிசெய்ய முயன்ற வீடு ஒன்றுகூட நிலைத்ததை நான் பார்க்கவில்லை.

4. இரண்டாம் வாரம்: குவளைக்குள் என்ன இருக்கிறது

சாப்பாட்டை இன்னும் தொடாதீர்கள். இந்த வாரம் பானம் மட்டும்தான்.

வழக்கம்போல் தேத்தண்ணி கலக்குங்கள், ஆனால் கண்ணளவில் ஊற்றாமல் தேக்கரண்டியால் எண்ணிப் போடுங்கள். முதல் நாள் எண்ணிப் பார்த்துப் பேச்சடைத்து நின்ற தாய்மார் பலர். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 5 கிராம். டின்பாலில் (இனிப்புச் சேர்த்த கெட்டிப்பாலில்) எடையில் ஏறத்தாழ பாதி சீனிதான், ஆக ஒரு மேசைக்கரண்டி ஊற்றினாலே இரண்டு தேக்கரண்டிச் சீனி போட்ட கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாம் சேர்க்கும் சீனி ஒரு நாள் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் என்றால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு இது 10 தேக்கரண்டி, 5 தேக்கரண்டி என்று வரும். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று டின்பால் ஊற்றிய தேத்தண்ணி குடிக்கிறவர், சோற்றில் கை வைக்கும் முன்பே அந்த 5 தேக்கரண்டி எல்லையைத் தொட்டுவிடுகிறார்.

டின்பால் பற்றி இன்னொன்று. டின்னைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். பல டின்களில் 'கிரிமர்' என்றுதான் போட்டிருக்கும். அது பாமாயில் கொழுப்பும் சீனியும் சேர்த்துச் செய்தது. 'பால் குடிக்கிறான்' என்று நம்பி அதைச் சுடுநீரில் கலந்து பிள்ளைக்குக் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைக்குப் பால் கொடுப்பதென்றால் முழுப்பால் பவுடரோ பெட்டிப் பாலோ கொடுங்கள், இனிப்பில்லாமல்.

குறைக்கும் முறை: வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி. நாக்குக்குப் பழக நாள் வேண்டும். ஒரேயடியாக நிறுத்தியவர் இரண்டாம் நாளே ஒட்டுக்கடையில் நின்று குடித்துவிட்டு வருவார். மைலோவும் அப்படித்தான். பவுடர், பால், சீனி மூன்றும் ஒன்றாய்க் கலந்த பொட்டலத்தை விட்டுவிட்டு, டின் பவுடரை இரண்டு தேக்கரண்டி எடுத்து, மேல் சீனி போடாமல், பாலில் கலக்குங்கள். பொட்டலம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பின்பக்கத்தில் 'குலா' (சீனி) என்ற வரியைப் பாருங்கள். ஒரு பொட்டலத்துக்கு எத்தனை கிராம் என்று இருக்கும், 5-ஆல் வகுத்தால் தேக்கரண்டிக் கணக்கு வந்துவிடும்.

தேத்தண்ணி குடிக்கும் நேரமும் முக்கியம். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, பயறு, கீரை போன்றவற்றில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு உறிஞ்ச விடாமல் தடுக்கும். சோகை உள்ள பெண்களும் வளரும் பெண்பிள்ளைகளும் பசியாறலோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. எழுந்ததும் முதலில் ஒரு குவளை பச்சைத் தண்ணீரோ சுடுநீரோ குடிப்பதை இந்த வாரமே பழக்கிவிடுங்கள். வெயிலில் நிற்கப் போகிற உடம்பு அது.

5. மூன்றாம் வாரம்: தட்டில் முதலில் புரதம்

இதுதான் எல்லாவற்றிலும் பலன் தரும் படி. நம் வீட்டுப் பசியாறல் பெரும்பாலும் மாவுதான்: தோசை, ரொட்டி, மீ, பீஹூன், பிஸ்கட். மாவு மட்டும் சாப்பிட்டால் சீக்கிரம் செரித்துச் சீனியாக இரத்தத்தில் ஏறி, சீக்கிரம் பசியும் வந்துவிடும். கூடப் புரதம் இருந்தால் வயிறு மெதுவாகக் காலியாகும். பத்து மணி வரை தாங்கும்.

இருப்பதை எதையும் நிறுத்த வேண்டாம். அதே தோசைதான், அதே ரொட்டிதான். ஒவ்வொருவர் தட்டிலும் அவரவர் உள்ளங்கை அளவுக்குப் புரதம் ஒன்று கூட இருக்க வேண்டும், அவ்வளவே. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் போல இருக்கும். அவித்த கொண்டைக்கடலை அரைக் கோப்பையில் 7 கிராம் போல. தெம்பே 100 கிராமில் ஏறத்தாழ 19 கிராம். ஒரு இட்லியில் 2 கிராம்தான். மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்ட பிள்ளை ஏன் பத்து மணிக்கு வாடுகிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

முட்டையை ஞாயிறும் புதனும் ஆறேழு சேர்த்து அவித்துவிடுங்கள். தண்ணீர் கொதித்த பின் பத்து நிமிடம். ஓட்டோடு ஐஸ்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரை இருக்கும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கொண்டைக்கடலையைச் சனி இரவு ஊறப்போட்டு, ஞாயிறு அவித்து, சின்னச் சின்ன டப்பாவாகப் பிரியுங்கள். மூன்று நாளைக்கானது ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில், மற்றது மேலே உறைபனியில். காலையில் கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துப் புரட்டி எலுமிச்சை பிழிந்தால் ஐந்து நிமிட வேலை. எலுமிச்சை ருசிக்கு மட்டுமில்லை, கடலையில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்கவும் உதவும்.

நெத்திலியை அப்படியே பொரிக்காதீர்கள். சுடுநீரில் ஐந்து நிமிடம் போட்டு, நீரை வடித்து, பிறகு பொரியுங்கள். உப்பு நன்றாகக் குறையும். ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்தான் உப்பு இருக்க வேண்டும், இரத்தக் கொதிப்பு உள்ள வீட்டில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. தெம்பேயை மெல்லியதாகச் சீவி மஞ்சளும் கொஞ்சம் உப்பும் தடவித் தோசைக்கல்லிலேயே வாட்டிவிடலாம், தனி வாணலி வேண்டாம்.

புதியவர்கள் இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று, சாசேஜும் நகெட்டும் புரதம்தானே என்று வாங்குவது. அவற்றில் உப்பும் கொழுப்பும் மாவும் கூடுதல். இரண்டு, ரொட்டி சானாயோடு (பரோட்டா மாதிரி) வரும் பருப்புக் குழம்பைப் புரதமாகக் கணக்கு வைப்பது. அந்தக் குழம்பில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம்.

ஒரு எச்சரிக்கை: முழுக் கச்சானையும் (வேர்க்கடலையையும்) முழுக் கடலையையும் நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். மசித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், இந்த உள்ளங்கைக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

6. மாவை எப்போது அரைப்பது

எங்கள் பக்கத்துச் சூட்டில் மாவு ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். மாலை ஐந்துக்கு அரைத்து இரவெல்லாம் வெளியே வைத்தவர்கள் காலையில் மேசையெல்லாம் வழிந்த, புளித்துப்போன மாவைத்தான் பார்த்தார்கள். மனம் வெறுத்துக் கடை மாவுக்குப் போய்விட்டார்கள்.

இப்படிச் செய்யுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அரிசியும் உளுந்தும் தனித்தனியாக ஊறட்டும். அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. உளுந்தை அரைக்க ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். பிளெண்டரில் அரைத்தால் மாவு சூடேறும், சூடேறிய மாவு இட்லியைக் கல்லாக்கும். இரவு ஒன்பதுக்கு அரைத்து முடித்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் மூடி வையுங்கள். நாலே முக்காலுக்கு எழும்போது மாவு சரியாக வந்திருக்கும். மீதியை உடனே ஐஸ்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது இட்லி மாவு இல்லை, பச்சைப்பயறுத் தோசை. இதற்குப் பொங்கும் வேலையே கிடையாது. இரவு ஒரு கோப்பைப் பயறும் இரண்டு மேசைக்கரண்டி அரிசியும் ஊறப்போட்டு, காலையில் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து அப்படியே ஊற்ற வேண்டியதுதான். ஆறேழு தோசை வரும். மாவிலேயே பயறு இருப்பதால் ஐந்தாம் பகுதிக் கணக்கு பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். கல்லில் ஊற்றியதும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை தூவினால் அடுத்த பகுதிக்கும் பாதி வேலை ஆயிற்று.

7. நான்காம் வாரம்: காயும் பழமும்

நம் நாட்டுச் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டைக் கிளினிக் சுவரில் பார்த்திருப்பீர்கள். கால் தட்டு மாவுச் சத்து, கால் தட்டு புரதம், அரைத் தட்டு காயும் பழமும். காலையில் அரைத் தட்டுக் காய் என்றால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானும் கேட்பதில்லை. ஒரு கைப்பிடிக் காய், ஒரு துண்டுப் பழம், அதிலிருந்து தொடங்குங்கள்.

காலையில் காய் நறுக்க முடியாது. இரவுச் சமையலுக்கு நறுக்கும்போதே காரட், கோபிஸ், பீன்ஸ் ஒரு டப்பா கூடுதலாக நறுக்கி வையுங்கள். உப்புமாவிலும் பீஹூனிலும் முட்டையிலும் அது போய்ச் சேரும். வெள்ளரியும் தக்காளியும் சமைக்கவே வேண்டாம்.

பழத்தைப் பழமாகவே கொடுங்கள். சாறு பிழிந்தால் நார் போய்விடும், சீனி மட்டும் தங்கும். பப்பாளியும் கொய்யாவும் தோட்டப்புறத்தில் கொல்லையிலேயே காய்க்கின்றன.

8. ஐந்தாம் வாரம்: அரிசியும் மாவும்

இப்போதுதான் இதைத் தொட வேண்டும். மேலே சொன்னவை பழகிய வீட்டில் இந்த வேலை தானாகவே சுருங்கியிருக்கும். முன்பு நான்கு தோசை கேட்டவருக்கு இரண்டரையில் வயிறு நிறைந்திருக்கும்.

மாற்ற விரும்பினால் சிறிது சிறிதாக மாற்றுங்கள். நான்கு பங்கு இட்லி அரிசியில் ஒரு பங்கைக் கேழ்வரகாக்குங்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு. ஓட்ஸ் பிடித்தால் உப்புமாவாகக் கிளறுங்கள், டின்பால் ஊற்றிக் கஞ்சியாக்காதீர்கள். வெள்ளை ரொட்டிக்கு மேல் காயா (தேங்காய்ப் பால், முட்டை, சீனி சேர்த்த ஜாம்) தடவுவது வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

பழைய சோற்றைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். எங்கள் அம்மா பால் வெட்டப் போகும் முன் அதைத்தான் சாப்பிட்டார், எனக்கும் பிடிக்கும். ஆனால் பகல் பூராவும் ரைஸ் குக்கரில் கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. சோறு வெளியே கிடக்கும் நேரத்தில் கிருமி பெருகி நச்சை விட்டுவிடும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. இரவில் வடித்த சோற்றை உடனே ஆறவைத்து, கொதித்து ஆறிய நீரை ஊற்றி, மூடி ஐஸ்பெட்டியில் வையுங்கள். புளிப்பு குறைவாக இருக்கும், பரவாயில்லை. நெத்திலியும் சின்ன வெங்காயமும் கூட இருந்தால் அது நல்ல பசியாறல்.

9. வீட்டில் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர் இருந்தால்

நம் நாட்டில் 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். ஆகவே இந்தப் பகுதியை 'எங்களுக்கு இல்லை' என்று தாண்டாதீர்கள். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒருவர் இருப்பார்.

இங்கே வரிசை தவறினால் உயிருக்கே ஆபத்து. கிளினிக்கில் கொடுக்கும் சில மாத்திரைகள், குறிப்பாகக் கிளிக்லசைட், உடம்பில் இன்சுலினைச் சுரக்கச் செய்யும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான் சீனியை இறக்கும். அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பினால் சீனி கிடுகிடுவென்று இறங்கிவிடும். என் மாமியாருக்கு ஒருமுறை அப்படி ஆனது. மாத்திரையைப் போட்டுவிட்டு, "கோயிலுக்குப் போய்ட்டு வந்து பசியாறிக்கிறேம்மா" என்று சொல்லிப் போனவர் வாசற்படியில் வியர்த்துக் கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். நான் அன்று சாப்பாட்டைத் தயாராக வைத்திருந்தேன், சாப்பிட்டாரா என்று பார்க்கத் தவறினேன்.

அதனால் எங்கள் வீட்டில் மாத்திரை டப்பா இப்போது சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது, படுக்கையருகே இல்லை. தட்டு வந்த பிறகுதான் டப்பா திறக்கும். மெட்ஃபோர்மின் மாத்திரையும் சாப்பாட்டோடு போட்டால்தான் வயிற்றுப் புரட்டல் குறையும். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் போட வேண்டும் என்பதைத் தாதியிடமோ மருந்து கொடுப்பவரிடமோ கேட்டு, டப்பாவின் மேலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்க் கோபம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியை அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், தெளியாவிட்டால் மறுபடி ஒருமுறை. தெளிந்த பின் சாப்பாடு கொடுங்கள். சோதிக்கும் கருவி இருந்தால், அது 4-க்குக் கீழே (mmol/L கணக்கில்) காட்டினால் இதைச் செய்ய வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள். காட்டு வேலைக்குப் போகிறவர் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ சீனிப் பொட்டலமோ எப்போதும் இருக்க வேண்டும், அது வேலைக்காட்டில் கூட நிற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளில் பசியாறலை டப்பாவில் கட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். அன்றைக்கு மாத்திரை எப்போது என்பதை முந்தைய தடவையே கேட்டு வையுங்கள். வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிடலாம் என்று வரிசையில் பதினொரு மணி வரை காத்திருந்து தள்ளாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

10. "பசிக்கல" என்னும் பிள்ளை

இரவுச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் சரிசெய்த பிறகும் சில பிள்ளைகளுக்குக் காலையில் இறங்காது. எழுப்பியதும் வாயில் திணிக்காதீர்கள். பல் விளக்கி, குளித்து, உடுப்பு மாற்றி, இருபது நிமிடம் ஆன பிறகு உட்கார வையுங்கள்.

அப்போதும் வேண்டாம் என்றால் பாதி வாழைப்பழம், கொஞ்சம் பால், அல்லது பாதி முட்டை. மீதியை டப்பாவில் கட்டி ஓய்வு நேரத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். இரண்டு சின்னப் பசியாறல் என்பது குறையில்லை. சாப்பிடாத கோபத்தில் கையில் காசைக் கொடுத்துச் சிற்றுண்டிச்சாலையில் வாங்கிக்கொள் என்பதுதான் குறை, அந்தக் காசு இனிப்புத் தண்ணீராகத்தான் மாறும்.

11. கட்டிக்கொண்டு போகிறவருக்கு

தேங்காய்ச் சட்னியையும் தேங்காய்ப் பால் சேர்த்த குழம்பையும் வேலைக்காட்டுக்குக் கட்டாதீர்கள். மோட்டார் கூடையில் வெயிலில் இருந்தால் பத்து மணிக்குள் ஊசிவிடும். தக்காளித் தொக்கு, பருப்புத் துவையல், நெத்திலிச் சம்பல் தாங்கும். சூடாக இருக்கும்போதே மூடினால் வியர்த்துக் கெடும், ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள்.

சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டி ஒரு கையால் பிடித்துச் சாப்பிடும்படி காகிதத்தில் சுற்றுங்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குக் கை கழுவ வசதி இல்லாத இடத்தில் இதுதான் சுத்தம். பூச்சி மருந்து அடிக்கும் நாளில் சோப்புத் துண்டும் தனித் தண்ணீரும் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள், கையைக் கழுவாமல் எதையும் தொடக் கூடாது.

12. கடையில் வாங்கும் நாள்

வாரத்தில் ஒரு நாள் கடையில் வாங்குவது சாதாரணம். நாசி லெமாக்கை (தேங்காய்ப் பால் சோற்றை) கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். முட்டை, நெத்திலி, கச்சான், வெள்ளரி எல்லாம் அதில் இருக்கின்றன. சோறுதான் கொழுப்பு. சின்னப் பொட்டலம் வாங்கி, முழு முட்டை கூடக் கேட்டு, வீட்டிலிருந்து வெள்ளரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரொட்டி சானாய் ஒன்றிலேயே 300 கலோரி போல இருக்கும். இரண்டு கேட்பதைவிட ஒன்றும் ஒரு அரைவேக்காட்டு முட்டையும் நல்லது, கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டும் முட்டை முழுக்க வெந்திருக்க வேண்டும். தேத்தண்ணியை 'கூராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று சொல்லிக் கேளுங்கள், கலக்குகிறவர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

13. அறுந்துபோகும் இடம்

தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை, வீட்டில் சாவு, வேலை நேரம் மாறும் வாரம். இந்த ஐந்திலும் எந்த வீட்டிலும் ஒழுங்கு அறும். எங்கள் வீட்டிலும் அறுந்திருக்கிறது. மறுபடி தொடங்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காமல் மூன்றாம் பகுதிக்குப் போய் இரவுச் சாப்பாட்டு நேரத்தை மட்டும் பிடியுங்கள். ஒரு முறை பழகிய வீட்டுக்கு மற்றவை இரண்டு வாரத்தில் திரும்பிவிடும்.

வேலை நேரம் மாறினால் முதல் பகுதியில் எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். பழைய தாளைத் திருத்திப் பார்த்த வீடுகளில் பாட்டியின் மாத்திரை நேரம்தான் எப்போதும் விடுபட்டுப் போகிறது.